பத்தொன்பதாம் பக்கத்து விதி

5 ஜூலை, சனி

விடியும்போதே புகைமூட்டம். கொடியில் கிடந்த துணியெல்லாம் கரிந்த வாடை. மறுபடி துவைக்க வேண்டும். வாங்க: முட்டை, இருமல் மருந்து, மு.வின் பிரஷர் மாத்திரை, சிவப்பு மை பேனா இரண்டு.

காலை கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து பிரிக்பீல்ட்ஸ், தெரபிக்கு. ஸ்டேஷனிலிருந்து நடக்க இருபது நிமிடம். மற்றவர்களுக்கு ஐந்து.

என் வீட்டுக்காரர் மு.வுக்கு ஸ்ட்ரோக் வந்து எட்டு மாதம். நடை வந்துவிட்டது. பேச்சு போகவே இல்லை. இடது கை கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். பார்க்கிறவர்கள் எல்லோரும் நல்லா ஆயிட்டாரே என்கிறார்கள். உலகத்தில் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு நினைவில் நிற்பதில்லை என்று யாரிடம் சொல்வது. கண்ணில் கோளாறு இல்லையாம். மூளைதான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறதாம். அப்படி ஒன்று இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. அதுதான் கொடுமை.

மதியம் கடையில் இலைச் சாப்பாடு. வலது பாதியை வழித்துச் சாப்பிட்டார். இடது பாதியில் பொரியலும் அப்பளமும் வைத்தது வைத்தபடி. "இங்க இப்பல்லாம் கறி கம்மியா வைக்கிறான்" என்றார். நான் இலையைத் திருப்பி வைத்தேன். "ஓ" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் சாப்பிட்டார். பக்கத்து மேசை ஆன்டி பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கட்டும்.

தெரபிஸ்ட் பெண் மறுபடி சொன்னவை: 1. படிக்கும்போது தாளின் இடது ஓரத்தில் சிவப்பு டேப். டேப் கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிவிட்டுத்தான் வரியைத் தொடங்க வேண்டும். 2. திட்டம் போட்டுச் செய்கிற வேலை ஏதாவது, இருவரும் சேர்ந்து. 3. நான் அவருடைய இடது பக்கம் உட்கார வேண்டும்.

மூன்றாவதை நான் செய்வதில்லை. மே மாதம் ஒரு நாள் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து சத்தமில்லாமல் பத்து நிமிடம் அழுதேன். அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து வலது பக்கம்தான்.

6 ஜூலை, ஞாயிறு

புகை இன்னும். பள்ளியில் வெளி விளையாட்டு ரத்து என்று வாட்ஸ்அப். மூன்றாம் ஆண்டு நோட்டுகள் முப்பத்தொன்று, திருத்தியது பன்னிரண்டு.

மாலை குமரேசன் வந்தான். துறைமுகத்தில் மு.வுக்குக் கீழே வேலை பார்ப்பவன். கையில் அரிசி மூட்டைக் கனத்தில் ஒரு பெட்டி. போர்டு கேம். சுபாங் ஜெயாவில் இதற்கென்றே கடை இருக்கிறதாம், வாரா வாரம் போவானாம். மூளைக்கு வேலை கொடுக்கும் அண்ணே, கொஞ்சம் சுசா லா, கஷ்டம்தான், ஆனா உங்களுக்கு இதெல்லாம் தூசு என்றான்.

மு. இருபத்திரண்டு வருடம் துறைமுகத்தில் பிளானர். எந்தக் கப்பலில் எந்தக் கன்டெய்னர் பெட்டி எங்கே ஏற வேண்டும், கனமானது எங்கே, முதலில் இறங்குவது எங்கே என்று வரைந்து கொடுக்கிற வேலை. சம்பளத்துக்காகச் செய்தவர் இல்லை. அவர் நாற்காலியை ஆபிஸில் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. டிசம்பருக்குள் அவர் தயார் என்று சொன்னால், மேனேஜர் எதிரில் ஒரு கப்பலுக்கு பிளான் போட்டுக் காட்ட வேண்டும். ஒரே ஒரு தடவை. சரியாக இருந்தால் திரும்ப வேலை. இல்லையென்றால் மருத்துவக் காரணம் என்று வீட்டுக்கு. வயது ஐம்பத்தொன்று. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பிள்ளை இல்லை. அந்த நாற்காலியைத்தான் எட்டு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

விதிப் புத்தகம் முப்பத்தாறு பக்கம், இங்கிலீஷ், எறும்பு எழுத்து. மு. எடுத்துப் படிக்கப் பார்த்தார். ஒவ்வொரு வரியையும் நடுவிலிருந்து தொடங்கினால் எப்படிப் புரியும். "எவனோ தப்பும் தவறுமா எழுதியிருக்கான்" என்று கீழே வைத்துவிட்டார். டேப் ஒட்டித் தரட்டுமா என்றேன். முறைத்தார். குமரேசன் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

ஆக, நான் படித்துத் தமிழில் சொல்வது என்று முடிவு. டீச்சர் வேலை வீட்டிலும்.

12 ஜூலை, சனி

வெயில், புகை குறைவு. தெரபி போய் வந்தோம். மதியம் மூன்று மணிக்கு முதல் முழு ஆட்டம். முடிய ஆறரை ஆனது.

எனக்கே மறக்காமலிருக்க எழுதுகிறேன். நடுவில் ஆறு. ஆளுக்கு இரண்டு கிடங்கு, இடது ஒன்று வலது ஒன்று, இரண்டுக்கும் கீழ்த்தளம் மேல்தளம். உப்பு, துணி, மிளகு, செம்பு வாங்கிக் கிடங்கில் சேர்க்க வேண்டும். ஒன்பது சுற்று. ஒவ்வொரு மூன்றாவது சுற்று முடிவிலும் வெள்ளம். அதற்குள் ஓர் ஆள் காயைச் செலவழித்து சரக்கை மேல்தளத்துக்கு ஏற்றிவிட வேண்டும். கீழே இருப்பதெல்லாம் போச்சு. இது சுருக்கம். இன்னும் படகு, வரி, சந்தை என்று முப்பத்தாறு பக்கத்துக்கு இருக்கிறது.

மு. ஆடியது அழகாகத்தான் இருந்தது. சந்தை விலை ஏறும் என்று நாலு சுற்று முன்னாலேயே சொன்னார். பழைய மு. என் எதிரில் உட்கார்ந்து எனக்கு சந்தையைப் பாடம் எடுத்தார். நான் வேண்டுமென்றே புரியாத மாதிரி இரண்டு தடவை கேட்டேன், மறுபடி சொல்லட்டும் என்று.

மூன்றாம் சுற்று. வலது கிடங்கை மேலே ஏற்றினார். இடது கிடங்கில் ஐந்து செம்பு, கீழேயே. வெள்ளம் வந்தது. விதிப்படி நான் எடுத்துப் பெட்டியில் போட்டேன்.

"இது எப்ப இங்க வச்சேன்?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். மூஞ்சி செத்துப்போனது. அப்புறம் ஆடவில்லை, காயை மட்டும் நகர்த்தினார். ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். தோசை மாவு மிச்சம்.

13 ஜூலை, ஞாயிறு

காலையில் எழுந்ததும் முதலில் வாயில் வந்தது பொய்.

நேற்று நாம் தப்பாக ஆடிவிட்டோம் என்றேன். பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு விதி இருக்கிறது, நான் கவனிக்கவில்லை என்றேன். வெள்ளத்துக்கு முன்னால் எதிராளி ஒரு தடவை எச்சரிக்க வேண்டும். மறந்து கீழே விட்டவர் ஆள் செலவில்லாமல் மேலே ஏற்றிக்கொள்ளலாம். சலுகை விதி. சொல்லும்போது என் குரல் வகுப்பில் கேட்கிற குரல் மாதிரியே இருந்தது. எத்தனை பிள்ளைகளுக்குக் கருணை மதிப்பெண் போட்டிருக்கிறேன். ஏழு வந்தால் பத்தாக்குவேன். அந்தக் கை நிற்காது.

"அதானே" என்றார் மு. உடனே. "கேம்னா அப்பிடித்தான் இருக்கும்." நாலு தோசை சாப்பிட்டார்.

மாலை ஆட்டம். மூன்று வெள்ளத்துக்கும் எச்சரித்தேன். இடது கிடங்கை விரலால் தொட்டே காட்டினேன். என் மிளகை நான் வேண்டுமென்றே கீழே விட்டேன், சலுகையையும் கேட்கவில்லை. மு. 71, நான் 58.

17 ஜூலை, வியாழன்

ஆடி பிறந்தது. தலைமையாசிரியர் கூட்டம், ஒன்றுமில்லாததற்கு இரண்டு மணி நேரம். மழை வரும் போலிருந்தது, வரவில்லை.

இதுவரை: 71–58. 80–66. 77–70. மூன்றும் மு. மூன்றாவதில் தோற்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஜெயிப்பதைவிட, எதிராளிக்குத் தெரியாமல் தோற்கத்தான் நிறையக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

குளிக்கும்போது பாடினார். ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் முதல் தடவை. நான் வாளியைக் கழுவிக்கொண்டு கேட்டேன். நல்லதுதானே செய்கிறேன்? இப்படி எழுதிக் கேட்கிறேன் என்றாலே எனக்குப் பதில் தெரியும்.

20 ஜூலை, ஞாயிறு

குமரேசன் பசியோடு வந்தான். மீ கோரெங் நூடுல்ஸ் வறுத்தேன், மூன்று பேரும் ஆடினோம். வெள்ளத்துக்கு முன்னால் நான் வழக்கம்போல் எச்சரித்தேன். மு. செம்பை மேலே தூக்கினார். குமரேசன், "அண்ணி, அப்பிடி ஒரு ரூல்—" என்று தொடங்கினான். பார்த்தேன். அப்படி ஒரு பார்வையை நான் யார்மேலும் வீசியதில்லை. அவன் வாயை மூடிக்கொண்டான். மு. கவனிக்கவில்லை. நான் அவருக்கு வலது பக்கம், குமரேசன் இடது பக்கம்.

மு. ஜெயித்தார். மறுபடி.

கேட் வரை போனேன். குமரேசன் ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். "அண்ணே ஆபிஸ்ல டெஸ்ட்டுக்கு டேட் கேட்டுட்டாரு. உங்ககிட்ட சொன்னாரா?" சொல்லவில்லை. அடுத்த திங்கள், 28. "அப்பிடி ரூல் இல்லன்னு சொல்லிடுங்க அண்ணி. நான் சொன்னா கேக்க மாட்டாரு" என்றான்.

சொல்கிறேன் என்றேன்.

23 ஜூலை, புதன்

சொல்லவில்லை.

மு. தானாகவே இன்று சொன்னார், சர்ப்ரைஸ் மாதிரி. மேனேஜருக்கு எழுதிய ஈமெயிலைக் காட்டினார். நான் கோழை. ஆடி மாசம், புதுசா எதுவும் ஆரம்பிக்க வேணாம், ஆடி கழியட்டும், டிசம்பர் வரைக்கும் டைம் இருக்கே என்றேன். சாமி கும்பிட வருஷத்துக்கு நாலு தடவை கோயிலுக்குப் போகிற நான் ஆடியைப் பிடித்துக்கொண்டேன். சிரித்தார்.

"கப்பலுக்கு ஆடி தெரியுமா கலா? அது வந்துகிட்டேதான் இருக்கும்."

அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், இந்த கேம்தான் எனக்கு தைரியம் கொடுத்தது என்று. அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. அடுப்பில் குக்கர் விசில் அடித்தது, எழுந்து போய்விட்டேன். நல்ல சாக்கு.

26 ஜூலை, சனி

தெரபி. அந்தப் பெண்ணிடம் தனியாக எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "விடுபட்டது அவருக்குத் தெரிஞ்சாதானே ஆன்டி தேடுவாரு" என்று மட்டும் சொன்னாள். கொமுட்டரில் மு. தூங்கி என் தோளில் சாய்ந்தார். மாலை ஆட்டம் வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை. 85–72. ஆறாவது வெற்றி.

28 ஜூலை, திங்கள்

காலை லேசான தூறல். நீலச் சட்டை இஸ்திரி போட்டேன். முகத்தின் இடது பக்கம் ஷேவ் ஆகாமல் இருந்தது, நான் எடுத்துவிட்டேன். அதற்கும் "ஓ" என்றார். கிராப் கார் வந்தது. நான் பள்ளிக்கு லீவு போட்டிருக்க வேண்டும், போடவில்லை. அவரோடு போனால் நான் நம்பவில்லை என்று ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு குமரேசன் போன். பிளானில் வலது பாதி கச்சிதமாம். எந்தத் துறைமுகத்தில் எது இறங்கும் என்பது வரை. இடது பக்க வரிசைகளை மு. பார்க்கவே இல்லையாம். அங்கே ஏற்கெனவே இருந்த பெட்டிகளைக் கணக்கில் எடுக்காமல் முடித்து, பேனாவை மூடி வைத்துவிட்டு, உடனே எழுந்து நின்றாராம். மேனேஜர் மறுபடி பார்க்கச் சொன்னாராம். பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது என்றாராம்.

மு. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்தார்.

29 ஜூலை, செவ்வாய்

மு. எழுந்திருக்கவில்லை. கஞ்சி, அரை டம்ளர்.

நோட்டுகள் திருத்த எடுத்தேன். ஒரு பிள்ளைக்கு ஏழு வந்தது. ஏழே போட்டேன்.

3 ஆகஸ்டு, ஞாயிறு

நல்ல மழை, வாசல் ஓடையில் தண்ணீர் ஏறி இறங்கியது. மு. மதியம் திடீரென்று அந்த சிவப்பு டேப் எங்கே என்று கேட்டார். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். ஆபிஸில் இடது பக்கத்தைத் தவறவிட்டதற்குப் படித்துப் பழகுகிறார் போல. வேறு எதைப் படிப்பார், கைக்கெட்டுகிற இங்கிலீஷ் புத்தகம் அதுதான்.

அதில் பத்தொன்பதாம் பக்கமும் இருக்கிறது.

6 ஆகஸ்டு, புதன்

பள்ளியிலிருந்து வந்தால் இன்னும் அதே மேசை. ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, டேப்பைத் தேடித் தலையைத் திருப்பி, அங்கிருந்து தொடங்கிப் படிக்கிறார். உதடு அசைகிறது. ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம். இத்தனை மாதம் கெஞ்சியும் செய்யாததை இப்போது தானாகச் செய்கிறார். நான் சந்தோஷப்பட வேண்டிய நேரம் இது. புத்தகத்தை ஒளித்து வைக்கலாமா என்று யோசித்தேன். எழுதவே அசிங்கமாக இருக்கிறது. இன்று பக்கம் 14.

8 ஆகஸ்டு, வெள்ளி

ஆபிஸிலிருந்து கடிதம். மருத்துவக் காரணம். இந்த மாதக் கடைசியோடு சரி. நாற்காலி குமரேசனுக்கு. அவனே போன் செய்து அழுதான். மு. அவனைத் தேற்றினார். "நல்லா பண்ணுடா, இடது பக்கம் பாத்து" என்றார். அப்புறம் கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

டிசம்பர் வரை நேரம் இருந்தது. நாலு மாதம். அதை எரித்தது நான்.

9 ஆகஸ்டு, சனி

தெரபி போகவில்லை. புகை திரும்பி வந்துவிட்டது.

காலை பத்து மணி. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மு. புத்தகத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"கலா, பத்தொன்பதாம் பக்கத்துல படம்தான் இருக்கு. ஒரு படகு, ரெண்டு ஆளு. மத்த பக்கமெல்லாம்கூட பாத்துட்டேன்."

கத்தியைக் கீழே வைத்தேன். ஒன்பது மாதத்தில் அவர் முழுதாகப் படித்து முடித்த முதல் புத்தகம், என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டது.

"நான் எத்தன ஆட்டம் ஜெயிச்சேன்?"

"ஆறு."

"அதுல நீ குடுத்தது எத்தன?"

பொய் சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. "ஆறும்" என்றேன்.

புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். அவர் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"மேனேஜர்கிட்ட பெருமையா சொன்னேன். வீட்ல முப்பத்தாறு பக்க ரூல் உள்ள கேம் ஆடுறோம், ஒய்ஃப தொடர்ந்து ஜெயிக்கிறேன்னு. என்னை ஒப்புக்குச் சப்பாணியா ஆட வச்சிருக்க."

உங்க மூஞ்சியப் பாத்து பயந்துட்டேங்க என்றேன். அன்றைக்கு அந்த ஐந்து செம்பு போனபோது பார்த்த மூஞ்சியை இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியவில்லை என்றேன். மூக்கு ஒழுகியது. வெங்காயம் என்று சொல்ல அவசியம் இருக்கவில்லை.

"நீ பயந்த. பயம் எனக்கில்ல வந்திருக்கணும்? அன்னிக்கே வந்திருந்தா நான் டேட் கேட்டிருக்க மாட்டேன். நீ வர விடல."

எழுந்து போனார். நான் வெங்காயத்தை முடித்தேன். வேறு என்ன செய்வது. சாம்பார் வைத்தேன். உப்பு போட மறந்துவிட்டேன், இருவரும் அப்படியே சாப்பிட்டோம்.

10 ஆகஸ்டு, ஞாயிறு

புகை. வெளியே போகவில்லை. குழாய்க்காரர் வருகிறேன் என்றார், வரவில்லை.

மூன்று மணிக்கு மு. தானே பெட்டியை எடுத்து விரித்தார். காய்களைப் பிரித்து அடுக்கவே அரைமணி நேரம். கூப்பிடவில்லை. நான் போனேன். வழக்கமான நாற்காலியை எடுத்து மேசையைச் சுற்றிக் கொண்டுபோய் அவருடைய இடது பக்கம் போட்டு உட்கார்ந்தேன்.

"ஒழுங்கா ஆடு" என்றார், நான் வழக்கமாக உட்காரும் வலது பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்து.

ஒழுங்காக ஆடினேன். சந்தையில் அவர் குறி வைத்த துணியை விலை ஏறுமுன் வாங்கினேன். படகை மறித்தேன். மூன்றாம் சுற்று. வலது கிடங்கை மேலே ஏற்றினார். இடது கிடங்கில் நாலு செம்பு, கீழே, என் முழங்கைக்குப் பக்கத்தில். ஆள் ஒன்று மிச்சம் இருந்தது. அதை சந்தைக்கு அனுப்பினார். எச்சரிக்கவில்லை. வெள்ளச் சீட்டைத் திருப்பினேன்.

"ஏதாச்சும் போச்சா?" என்றார்.

"நாலு செம்பு."

"எங்க?"

சொல்லவில்லை. காத்திருந்தேன். கழுத்தைத் திருப்பினார். போர்டின் நடு, ஆறு, ஓரம். கிடங்கு கண்ணில் பட்டது. செம்பைப் பார்த்தார். அதற்கும் அப்பால் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இங்கயா உக்காந்திருக்க" என்றார்.

அதே மூஞ்சிதான். பார்த்தேன். கண்ணை எடுக்கவில்லை.

"எடு" என்றார். நாலையும் எடுத்துப் பெட்டியில் போட்டேன்.

ஆறாம் சுற்றில் அவர் உப்பு போனது. ஒன்பதாம் சுற்றுக்கு முன் ஆளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திரும்பித் தேடினார். இடது கிடங்கில் இரண்டு துணி. கண்டுபிடித்தார். மேலே ஏற்றினார். நான் பாராட்டவில்லை.

புள்ளித் தாளை அவரே கேட்டு வாங்கினார். வலது கட்டத்தில் தன் பெயர் எழுதி 41 போட்டார். பேனாவை மூடினார். இடது கட்டம் காலி. அப்புறம் அவராகவே பேனாவைத் திறந்து, தலையைத் திருப்பி, தாளின் ஓரம் வரை போய்த் தேடி எழுதினார். கலா, 96.